ஈர வயிற்றோடு ஓடிய ஆக்காட்டி

சூடேறிய செம்மண்ணின் மேல் டீசல் புகை படிந்தால் ஒரு வாசனை வரும். எனக்கு அதுதான் கோடை விடுமுறையின் வாசனை. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் ஏதோ தொழிற்சாலை வரப்போகிறதென்று நிலத்தைச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே பொக்லைன் ஓட்டியவர் என் அப்பா. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த நான் மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோவேன்.

ஒருநாள் நான் போனபோது வண்டி சும்மா நிற்க, அப்பா குனிந்து குனிந்து ஒரு பறவையைத் துரத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் கால்களும் கண்ணருகே சிவந்த சதையுமாக, எங்கள் பக்கத்தில் "ஆக்காட்டி" என்கிற பறவை. ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி நொண்டிப் போனது. "றெக்க ஒட்ஞ்சிகீதுமா, புடிச்சாந்து மஞ்சா பத்து போடலாம்" என்றார். நானும் சேர்ந்து ஓடினேன். வேலிவரைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போன அது, சட்டென்று இரண்டு சிறகையும் விரித்துப் பறந்துவிட்டது. அப்பா அங்கேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

மறுநாள் அங்கே வேலையை மேற்பார்த்த மதுரைக்கார இன்ஜினியரும் அதே மாதிரி ஏமாந்தார். எதையோ மறைக்கத்தான் இந்த நடிப்பு என்று அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. அது கூட்டிப்போன திசைக்கு நேரெதிரே தேடினோம். பொக்லைன் வாளிக்கு முன்னால், சரளைக் கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள். நிறமும் புள்ளிகளும் அப்படியே கல்தான். அடுத்ததாகத் தோண்ட வேண்டிய இடமே அதுதான். இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அண்ணே, இந்த மூலையக் கடைசியா பாத்துக்கிருவோம். மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். முட்டைகளைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள்.

வெயில் ஏறியதும் இன்னொரு வித்தையைப் பார்த்தோம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பறவை வயிற்றை மட்டும் நனைத்துக்கொண்டு, ஓடிவந்து முட்டைகளின்மேல் உட்காரும்; காய்ந்ததும் அதன் ஜோடி அதே வேலையைச் செய்யும். சுங்குவார்சத்திரம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவந்த அம்மாவிடம் சொன்னேன். ஜுரக்காரக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது மாதிரியே இருக்கிறதே என்று அம்மா வியந்துபோனாள்.

ஆனால் லாரி வரும் பாதைக்காக அந்தப் பள்ளத்தை மூட வேண்டியிருந்தது. அப்பாதான் மூடினார். அன்று மதியம் பறவை முட்டைகளுக்கு நிழலாகச் சிறகை விரித்து, அலகைத் திறந்து மூச்சிரைத்து நின்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா சிமெண்ட் அள்ளும் சட்டியைக் கொண்டுவந்து மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினார். பறவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆழமாக இருக்கிறதென்று பயப்படுகிறதோ என்று சட்டிக்குள் கூழாங்கற்களைப் போட்டேன். அப்பா, இன்ஜினியர், நான் மூன்று பேரும் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். வெகுநேரம் கழித்து அது வந்தது. சுற்றிச் சுற்றி நடந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தது. மெல்ல வயிற்றை அமிழ்த்தி எழுந்து, சொட்டச் சொட்ட முட்டைகளிடம் ஓடியது. "பாத்தியா, குந்திகிச்சி" என்று அப்பா கிசுகிசுத்தார். இன்ஜினியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் சொன்னார்.

முட்டை பொரிந்த சில மணி நேரத்திலேயே குஞ்சுகள், கால் முளைத்த பஞ்சுருண்டைகள் மாதிரி, தாய்க்குப் பின்னால் ஏரிப்பக்கம் நடந்தன. அப்பா இன்ஜினை அணைத்தார். வரிசையாக நின்ற லாரிகளில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நான்காவது குஞ்சு சக்கரத் தடத்தில் விழுந்து, தானே தத்தி ஏறி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டபோது ஓட்டுநர்கள் கைதட்டினார்கள்.

இன்று அந்தப் பொட்டல் முழுக்க கான்கிரீட். சரளையும் இல்லை, ஆக்காட்டியின் குரலும் இல்லை. அப்பா மட்டும் இன்னும் பொக்லைன் ஓட்டுகிறார். எந்தப் புது மனையிலும் வண்டியை இறக்குமுன் முழு இடத்தையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவார். போன வாரம் தண்டலம் பக்கம் வேலை தொடங்கிய அன்று காலை முழுக்க நடந்தாராம். "ஒண்ணும் இல்லமா, வேலைய ஆரம்பிச்சிட்டோம்" என்று போனில் சொன்னார். தடையில்லாமல் வேலை தொடங்கியதற்காக இவ்வளவு ஏமாற்றத்தோடு பேசியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.