சிறைக் கட்டத்து இருமல்

அப்பாவின் பழைய கேசட்டை வாங்கிப்போன சங்கத்துப் பையன், அதிலிருந்த பாட்டைப் போனில் அனுப்பியிருந்தான். அப்பாவின் குரல் சமையலறையில் கேட்டதும் எனக்கு மறுபடியும் பத்து வயது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் அப்பாவுக்குக் கல்மாவு அரைக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். தொழிற்சங்க மேடைகளில் பாடுவார். எங்கோ ஒரு நாட்டில் சிறையில் கிடந்து, புரட்சி செய்து, அந்த நாட்டையே ஆண்ட ஒரு தலைவரின் கதையைப் பாட்டாகக் கட்டியிருந்தார். கேசட்டுக்காகப் பாடியபோது, சிறைக் கட்டத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அப்படியே பதிவாகிவிட்டது.

மங்கலம்பேட்டைக் கூட்டத்தில் அதைப் போட்டார்கள். "ஜெயில்ல இருமறத எப்படி நடிக்கிறாரு பாருங்க" என்று கைதட்டினார்கள்.

சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்தார். "தோழர், இனிமே மேடையிலயும் அந்த எடத்துல இருமிடுங்க. நல்லா எடுபடுது."

அம்மாதான் சொன்னாள்: "மொதல்ல கம்பெனில மூக்குல கட்டிக்க ஒரு துணி கேட்டு வாங்கிக் குடுங்க."

செயலாளர் சிரித்தபடி டீயைக் குடித்தார்.

இரண்டாவது கேசட்டில் எல்லாக் கட்டத்திலும் இருமல் இருந்தது. மூன்றாவது கேசட்டுக்கு அப்பா இல்லை.

போனில் சிறைக் கட்டம் வந்தது. அப்பா இருமாமல் பாடி முடித்தார். உடனே பையன் கூப்பிட்டான்.

"கேட்டீங்களாக்கா? கம்ப்யூட்டர்ல போட்டு அந்த இருமல சுத்தமா எடுத்துட்டோம்."

"அவரு உசுரோட இருக்கும்போதே எடுத்திருக்கலாம்ப்பா," என்றேன்.