சுவிட்சில் தொங்கிய சிவப்புத் துண்டு

ஹேமாவதி வேம்புலி, 1970–2025. பட்டாபிராமில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். அம்பத்தூரில் உள்ள ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுதுவது அவர் தொழில்.

இத்தனை ஆண்டுகளில் தம் குறிப்பை யாரேனும் கடைசிவரை படித்ததாக அவருக்கு நினைவில்லை. வாடிக்கையாளர்கள் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அவர்கள் கேட்பதற்கான விடை அடுத்த பக்கத்திலேயே இருக்கும். ஹேமாவதி அதைக் குத்திக்காட்டாமல் வாசித்துக் காட்டுவார்.

அந்நிறுவனத்தின் மென்பொருள் அம்பத்தூர் எஸ்டேட் எனும் தொழிற்பேட்டையின் பட்டறை இயந்திரங்களைக் கண்காணித்து வந்தது. அவரது கடைசி ஆண்டில் அதனுடன் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றைச் சேர்த்தார்கள். மனிதர் ஒவ்வொரு படியிலும் ஏவாமலே, கொடுத்த வேலையைத் தானே முடிக்கும் நிரல் அது. மென்பொருளின் எந்தக் கருவி, அதாவது எந்தக் கட்டளை, என்ன செய்யும் என்பதை ஹேமாவதி எழுதும் குறிப்பிலிருந்துதான் அது அறிந்துகொள்ளும்.

"மேடம், நீங்க எழுதினத ஒரு எழுத்து விடாம படிக்கும்," என்றான் விஷ்ணு. திருநெல்வேலியிலிருந்து வந்து முகப்பேரில் குடியிருந்த இளம் நிரலாளன் அவன்.

"எங்க வீட்டுக்காரரே என் லெட்டர முழுசாப் படிச்சதில்லப்பா."

முதல் சோதனையில் ஏஜென்ட், குறிப்பின் கடைசிப் பக்க ஓரத்தில் அவர் எழுதியிருந்த ஒரு விதிவிலக்கைக் கண்டெடுத்து, அதன்படியே நடந்தது. ஹேமாவதிக்கு மெய் சிலிர்த்தது. படிப்பது மட்டுமன்று, நம்பவும் செய்கிறதே என்று வியந்தார். அன்று ரயிலில் ஆவடி தாண்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வேலை செய்வதைக் கண்ணால் பாராத கருவியைப் பற்றி அவர் எழுதுவதில்லை. ஆகவே அடுத்த சோதனைக்கு மடிக்கணினியுடன் பட்டறைக்கே போனார். இரும்புப் பாகங்களைக் கழுவிக் காயவைக்கும் நீண்ட இயந்திரம் அங்கே நின்றிருந்தது. அதை ஓட்டும் கருவிக்கு விஷ்ணு தற்காலிகமாக எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி: ‘நின்றிருக்கும் இயந்திரத்தை மீண்டும் இயக்கும்.’ இயந்திரத்தின் நிலையை ஏஜென்ட் அறிய முடியும்; ஆனால் சோதனை என்பதால் அதை இயக்கும் இணைப்பை மட்டும் கொடுக்கவில்லை.

திரையில் ஏஜென்டின் சொற்கள் தோன்றின: ‘இயந்திரம் நின்றுள்ளது. ஆர்டர் தாமதமாகிறது. இயக்குகிறேன்.’

ஹேமாவதி தலைநிமிர்ந்தார். இயந்திரத்தின் வாய்க்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அருகே சுவிட்சில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது.

"தம்பி, உள்ள இருக்கீங்களா?"

"கீறேங்க்கா. சிக்கினத எடுத்துகினு கீறேன்." அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பான ஃபிட்டர் முகமது ஆசிக்கின் குரல் அது.

"யாராவது ஆன் பண்ணிட்டா?"

"அதான் துண்டு மாட்டிக்கீறேனே. இந்த எஸ்டேட்ல துண்டு தொங்குனா எவனும் சுவிட்ச்ச தொட மாட்டான். மொதலாளியே தொட மாட்டாரு."

அவன் சொன்னது உண்மை. யாரும் கற்பிக்காத, யாரும் மீறாத வழக்கம் அது. ஆனால் ஏஜென்டுக்குத் துண்டு தெரியாது. எழுதியதை எல்லாம் நம்பும் அதற்கு, எழுதாமல் விட்டது இந்த உலகிலேயே இல்லை. ஹேமாவதி அங்கேயே ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் அமர்ந்து எழுதினார்: ‘இயந்திரம் நின்றிருப்பதால் அது காலியாக இருப்பதாகக் கொள்ளாதே. உள்ளே ஆள் இருக்கலாம். பொறுப்பாளரிடம் கேள், ஆள் இல்லை என்று அவர் சொன்ன பின்பே இயக்கு.’

விஷ்ணுவைத் தொலைபேசியில் அழைத்து, வெறும் குறிப்பை நம்பியிராமல், பொறுப்பாளர் சொல்லாமல் இயங்காதபடி நிரலிலும் ஒரு பூட்டுப் போடச் சொன்னார். அவன் உடனே அந்த வேலையில் இறங்கினான்.

ஆசிக் உள்ளே இருக்கும்போதே நடத்திய மறு சோதனையில் ஏஜென்ட் இயந்திரத்தை இயக்கவில்லை. ‘உள்ளே யாரேனும் இருக்கிறீர்களா?’ என்று ஆசிக்கின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியது. முகம் அறியாத ஒருவனுக்காக அது நின்று கேட்டதை ஹேமாவதி இமைக்காமல் பார்த்தார். மூன்றே வரி எழுதியதற்கு இவ்வளவா என்றிருந்தது.

ஆசிக் பதில் அனுப்பவில்லை. வெளியே வந்தவன் சுவிட்சிலிருந்த துண்டை உதறினான். அதன் மடிப்பிலிருந்து கைப்பேசி நழுவியது.

"ஆயில் படக் கூடாதுன்னு சுத்தி வெச்சேங்க்கா," என்று சிரித்தான். "இன்னா, மெசேஜ் போட்டீங்களா?"

"நான் போடலப்பா. அது போட்டுச்சு."

"நம்ம மேல இம்மாம் அக்கறையா அதுக்கு?"

ஹேமாவதி மடிக்கணினியை மீண்டும் திறந்தார். பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று தாம் எழுதவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குறிப்பின் கீழே ‘பதில் வரவில்லையெனில் இயக்காதே, காத்திரு’ என்று சேர்த்தார். அதுவே அவர் எழுதிய கடைசி வரி; அதன்பின் அக்குறிப்பில் அவர் கைவைக்கவில்லை. அதை எழுதிய நாள் 2025 ஆகஸ்ட் 22.