கூறைப்புடவையின் சிவப்பு

திருக்கடையூரை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர். கேமராவை ஸ்டுடியோ முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதால் கழுத்து லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலை போனதற்குக் காரணம் ஒரு புடவை. அன்று காலை கோயிலில் ஓர் அறுபதாம் கல்யாணம். முதலாளி ஒரு கேமரா, நான் இன்னொன்று. மாலை மாற்றுவதற்கு முன் கல்யாணப் பெண்ணான அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என் கல்யாணத்துக்கு எடுத்த கூறைப்புடவை. அப்ப எடுத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்புப் புடவையிலயா தாலி கட்டிக்கிட்டன்னு பேரப்பிள்ளைங்க கேக்குதுங்க. இந்தத் தடவையாவது சிவப்பா வரணும்."

"நானும் கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும்," என்றார் அவர் கணவர்.

"நீங்க ஓரமா நில்லுங்க."

கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் சிவப்பு கேமராவுக்கு லேசில் அடங்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, இரவல் வாங்கிய ஃபிலிம் கேமராவில் நான் முதலில் எடுத்ததே ஒரு செம்பருத்திதான். கழுவி வந்த படத்தில் இதழும் இல்லை, நரம்பும் இல்லை. "சிவப்பு மையைக் கொட்டிட்டியாடா?" என்று லேப்காரர் சிரித்தார். அந்தச் செடியைத் திரும்பத் திரும்ப எடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்: சிவப்பை நிழலில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகச் சுற்றியபோதும் கண் அதையே தேடியது. வாய்க்கால் கோரையில் உட்காரும் சிவப்புத் தும்பி, செம்போத்தின் கண், களத்தில் காயும் மிளகாய், நடவாட்கள் வரப்பில் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் குடம். சாப்பாடு இல்லாத நாட்களில்கூட ஃபிலிம் இருந்தது.

அந்த அம்மாவைப் பிரகாரத்து நிழலில் நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். புடவையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. படத்தில் முகம் மட்டும் கொஞ்சம் கறுத்தது. என் போனிலும் ஒன்று எடுத்து அவர் மகளுக்கு அனுப்பினேன்.

மத்தியானம் மகள் அந்தப் படத்தோடு முதலாளியிடம் வந்தார். "ஆல்பம் முழுக்க இதே சிவப்பு வேணுமாம், அம்மா சொல்றாங்க." முதலாளி எடுத்த படங்களில் முகமெல்லாம் வெளுப்பு, புடவை மட்டும் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல் இருந்தது. மறுபடி எடுக்கவும் வழியில்லை.

மகள் போனதும் முதலாளி கத்தவில்லை. "மூஞ்சி வெளுப்பா வந்தாத்தான் நம்ம பொழப்பு ஓடும். உனக்குப் புடவைதான் பெருசுன்னா புடவைக் கடைக்குப் போடா," என்று கையை நீட்டினார். கேமராவைக் கழற்றிக் கொடுத்தேன்.

வழியில் ஒரு கல்யாண முருங்கை இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்புப் பூவாக நின்றது. வெயில் இறங்கும்வரை காத்திருந்து போனில் எடுத்தேன். இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். மரம் இல்லை, படம் இருக்கிறது.

செம்பனார்கோயில் பேருந்து நிறுத்தத்தில் படுத்திருந்தபோது மகள் எண்ணிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, ஆல்பம் எப்படி வருமோ தெரியல. நீ அனுப்புனதப் பேரன்கிட்ட காட்டிட்டேன். சிவப்புதான்னு ஒத்துக்கிட்டான்." பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் மயிலாடுதுறைக்குப் பஸ் ஏறினேன். முதலாளி சொன்னபடியே ஒரு புடவைக் கடைக்குப் போய், படம் எடுக்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் திரும்பி வந்த பார்சல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாட்ஸ்அப்ல படம் போட்டுத்தான் விக்கிறோம். படத்துல ஒரு சிவப்பு, கையில ஒரு சிவப்புன்னு திருப்பி அனுப்பிடுறாங்க. உனக்கு எடுக்கத் தெரியுமா?"

பார்சலில் இருந்த சிவப்புப் புடவையை வாங்கி, ட்யூப் லைட்டுக்கு அடியிலிருந்து வாசல் நிழலுக்குக் கொண்டுபோனேன்.