ஒட்டு மீசையும் கவ்வாத்துக் கத்தியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு ஒரு சரித்திர நாவல் எழுதினார். மலையில் எங்களை மேய்க்கிற உத்தியோகத்தர் அவர். கொழுந்து குறைந்தால் பெண்களை வாயில் வந்தபடி ஏசுகிற மனுஷன், ஒரு பெண்ணின் வீரத்தை எழுதினாராம். கோயில் மண்டபத்தில் வெளியீடு. நாங்கள் குடியிருக்கிற லயம் லயமாக ஆள் அனுப்பி எங்களைக் கூட்டி, ஒரு வடையும் பாலில்லாத பிளேன்டீயும் கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு புத்தகமும் தந்தார்.

கதை சோழர் காலம். ஒருத்தி ஒட்டு மீசை வைத்துத் தலைப்பாகை கட்டிப் படையில் சேருகிறாள். வருஷக்கணக்காக ஆண்களோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழும்புகிறாள். ஒருவனுக்கும் தெரியவில்லை. அடைமழையிலும் மீசை விழவில்லை. அத்தனை பேரும் குருடர்களா?

நாங்களும் ஆண்கள் சட்டை போட்டுத்தான் மலைக்குப் போகிறோம். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் துணி. குளிருக்கு அதுதான் தோது. இத்தனை வருஷத்தில் எவனும் என்னை ஆம்பளை என்று நினைத்து மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பியதில்லை.

மதியத்தோடு வீட்டுக்குப் போவது கவ்வாத்துக்காரர்கள். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற வேலை. அது ஆண்களுக்குத்தான். கொழுந்து எடுக்கிற நாங்கள் பொழுது சாய நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பலாம்.

அந்த நேரம் என் அக்கா டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. நான் ஊட்டினால்தான் வாய் திறப்பாள். நான் கொழுந்தை நிறுத்துப் போட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், நோயாளரைப் பார்க்கிற நேரம் முடிந்திருக்கும். அதனால் நாவல் வருவதற்கு முன்பே கண்டாக்கிடம் போய்க் கவ்வாத்து வேலை கேட்டிருந்தேன்.

"பொம்பளைக்குக் கவ்வாத்தா? துரை என்னையத் தூக்கிருவாரு" என்று, தோட்ட நிர்வாகி துரையின் பெயரைச் சொல்லி விரட்டிவிட்டார்.

வெளியீடு முடிந்து இரண்டொரு நாளில், ஆட்கள் வரிசையில் நிற்கிற காலைப் பெரட்டில் எல்லாருக்கும் வேலை பிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "என்னா, கதை படிச்சியா? எப்புடி?"

"படிச்சேங்க ஐயா. அந்தப் பொண்ணு வாளெடுத்து அத்தன பேர வெட்டுது. நான் தேயிலைய வெட்டக் கூடாதுங்களா?"

பெண்கள் வரிசை சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "மீசை வச்சிட்டுப் போடி, குடுப்பாரு!"

அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ பெரிய யோசனை வந்த மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னு செய். கால்சட்டை போட்டு, தொப்பி மாட்டிக்க. துரை ரோட்டுல போனா நிமிராத. ஆம்பளன்னு நெனச்சுக்குவாரு. என் கதையில வர்ற மாதிரியே!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாலு புள்ள பெத்த ஒடம்புங்க இது. கால்சட்டைக்குள்ள ஒளிக்க முடியாது. நான் இப்புடியேதான் வெட்டுவேன். துரை கேட்டா நான் பேசிக்கிறேன்."

அவர் பிடி கொடுக்காமல், அடுத்த வரிசைக்கு வேலை பிரிக்கப் போய்விட்டார். அந்த ஆள் எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் அக்கா புருஷனின் பழைய கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு, அதே சேலை, அதே சட்டை, அதே படங்கோடு ஆண்கள் வரிசையில் நின்றேன்.

"அக்கா, கத்திய கூடை மாதிரி முதுகுல மாட்டிராதீங்க" என்றான் ஒருவன்.

"ஒன் வாயில மாட்டுறேன், வாடா" என்றேன்.

மணிக்கட்டு வீங்கியது. ஆனாலும் வெட்டினேன். பாதி வேலையில் துரையின் வாகனம் ரோட்டில் வந்து நின்றது. கண்டாக்கு கூனிக்குறுகி ஓடினார். துரை கண்ணாடியை இறக்கி மலையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இந்த மலை எப்ப முடியும்?" என்று கேட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். இந்தத் துரைக்குத்தான் இத்தனை நாளும் பயந்தாராம்! பயந்ததை மறைக்க ஒரு சோழப் படையையே எழுதிவிட்டார்.

மதிய பஸ்ஸில் டிக்கோயா போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் கோணிய வாயால், "வேலை இல்லியா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். இடப்பக்க வாயால் மட்டும் சிரித்தாள்.

சாய்ந்து உட்கார அவளுக்குத் தலையணை பள்ளமாக இருந்தது. பையிலிருந்த நாவலை எடுத்து அடியில் செருகினேன். தடித்த புத்தகம். உயரம் சரியாக வந்தது. கஞ்சியைக் கரைத்து ஊட்டத் தொடங்கினேன்.