களத்துமேட்டில் லயன் வீடு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். சின்னமனூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த களத்துமேட்டில், வீடில்லாதவர்களுக்கும் இடம் போதாத குடும்பங்களுக்கும் ஜில்லா போர்டு வரிசையாக ஒட்டி ஒட்டி லயன் வீடு கட்டித் தரப்போவதாகப் பேச்சு வந்தது. ஊரே கொதித்தது. கதிரை எங்கே அடிப்பது, கிணற்றுத் தண்ணீர் காணுமா, இத்தனை அடுப்புப் புகையும் எந்தப் பக்கம் போகும் என்று ஆளுக்கொரு கவலை. எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் என் மாமனார்.

"ஒத்தச் சுவத்துக்கு ரெண்டு பக்கமும் குடும்பமா? அங்கன ஒருத்தன் தும்முனா இங்கன இருந்து 'நூறாயுசு'ன்னு சொல்லணும். மனுசன் குடியிருக்கிற எடமாய்யா அது?"

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒற்றைச் சுவர்கூடக் கிடையாது. நெல் மூட்டையை அடுக்கி, மேலே பழைய சேலையைத் தொங்கவிட்டால் அது ஓர் அறை. மகனுக்குக் கல்யாணமானதும் தனி உலை வைத்துவிடுவது எங்கள் வழக்கம். மூன்று மகன்களுக்கு மூன்று உலை, மாமியாருக்கு ஒன்று. உலைதான் தனி, கூரை ஒன்றே. கதவைச் சாத்திக்கொண்டு புருஷனோடு நிம்மதியாகச் சண்டை போட வேண்டும் என்பதுதான் அப்போது என் பெரிய ஆசை. லயன் வீட்டில் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கினேன். வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

ஊர்க் குறையைக் கேட்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாமனார் அவரைக் கையோடு சாப்பிடக் கூட்டிவந்தார். அங்கேதான் சறுக்கினார். விருந்தாளி வந்தால் ஒவ்வோர் உலையிலிருந்தும் ஒரு குழம்பு போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த மருமகளின் மானம் போய்விடும். இலையில் நான்கு குழம்பும் கலந்து ஓடின. அதிகாரி நிமிர்ந்து, வரிசையாகப் புகைந்த அடுப்புகளையும் தொங்கிய சேலைகளையும் பார்த்தார்.

"லயன் வீடு வேணாம்னீங்க. நீங்களே ஒண்ணு கட்டி வச்சிருக்கீங்களே!"

மாமனார் பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்த வீட்டுல யாருக்காவது வேணுமா?" என்று அதிகாரி கேட்டார். தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சேலைக்குப் பின்னாலிருந்து நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எனக்கும் அவுகளுக்கும் ஒண்ணு குடுங்கய்யா. இந்த வயசுலயாவது நாங்க ரெண்டு வார்த்தை தனியாப் பேசணும்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மருமகள்கள் மூவரும் ஒரே குரலில், "மொதல்ல அவுகளுக்குக் குடுங்கய்யா" என்றோம். அதில் பாசம் எவ்வளவு, எங்கள் வசதி எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.