ஞாயிற்றுக்கிழமை நெல்

ஃபிஜித் தீவில், நவுவா என்ற ஊரில் எங்கள் சபை வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் இந்துக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய பாட்டன்மார் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். நானும் என் கணவரும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள். அந்த வீட்டு அக்காவின் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். ஆனாலும் அந்தத் தெருவில் என்னோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான். நான் துணி காயப்போடும் நேரம் பார்த்து வேலியோரம் வந்து நிற்பார். "இன்னிக்கு என்ன தர்காரி, தங்கச்சி?" கறியைத்தான் அப்படிக் கேட்பார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது, கடை திறக்கக்கூடாது, பஸ் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. கர்த்தருடைய நாளைப் பரிசுத்தமாக வைக்கவாம். பஸ் இல்லாததால் லாமியிலிருந்து வரும் எங்கள் சபையாரே ஆராதனைக்கு வர முடியாமல் போனது. காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்துவிட்டு வந்து, என் கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அக்காவின் வீட்டுக்காரர் அண்ணாச்சிக்கு வாரம் முழுவதும் மரம் அறுக்கும் மில்லில் வேலை. வயலைப் பார்க்க ஞாயிறு ஒன்றுதான். ஒரு ஞாயிறு, அறுத்த நெல் வயலில் கிடக்க, மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் கட்டுகளைத் தூக்கத் தொடங்கினார்கள். ரோந்து ஜீப் ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் ஆராதனை முடிந்து வந்தபோது அக்கா எங்கள் வாசலில் நின்றார். காலெல்லாம் சேறு.

"தங்கச்சி, ஒம் புருசன அனுப்பு. பாதிரி சொன்னா அவனுங்க கேப்பானுங்க."

என் கணவர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. மூன்று பேரும் பாலத்தருகே இருந்த சோதனைச்சாவடிக்கு நடந்தோம். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி நனைந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். காவலுக்கு இருந்தவர்கள் அங்கியைக் கண்டதும் "தலதலா" என்று எழுந்து நின்றார்கள். ஃபிஜியர்கள் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர்களுடைய அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

"உங்களுக்காக விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஆசரிக்க வேண்டும் என்று நீங்களே இவருக்குச் சொல்லிக்கொடுங்கள்."

"சரி, சொல்கிறேன்" என்றார் என் கணவர்.

அண்ணாச்சி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். திரும்பி வரும்போது நெல்லெல்லாம் தண்ணீரில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து, ஈரத்தோடே நாற்காலியில் உட்கார்ந்தார் என் கணவர். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லலேன்னா விட்டிருப்பாங்களா?"

"விட்டிருக்க மாட்டாங்க" என்றார். எழுந்து ஈர அங்கியைக் கழற்றினார்.

அக்கா அதன்பிறகு வேலியோரம் வரவில்லை. நான் கூப்பிட்டால் பதில் சொல்வார், நின்று பேசமாட்டார். சில மாதங்களில் கனடாவுக்கு விசா கிடைத்தது என்று மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர்கள் புறப்பட்ட காலையில் நாங்களே போய் நின்றோம். அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அன்னிக்கு நீங்க மழையில நடந்து வந்தத மறக்க மாட்டேன். ஆனா, நான் பொறந்த ஊருல என் நெல்ல நான் எடுக்க, எனக்காக இன்னொருத்தர் போயி கேக்கணும்னா, அப்புறம் எப்படி இங்க இருக்கறது?"

என் கணவர் குனிந்து அந்தப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்தார். அக்கா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்த வயலில் புல் ஆளுயரம் வளர்ந்தது. எங்கள் சபையாரும் ஆக்லாந்துக்கும் சிட்னிக்குமாக ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். பிறகு மிஷன் எங்களையும் திரும்ப அழைத்துக்கொண்டது.

அக்காவுக்குத் தமிழ் பேசத் தெரியுமே தவிர எழுதத் தெரியாது. எனக்கு இந்தி வராது. கடிதம் எதுவும் வரவில்லை. நானும் எழுதவில்லை.