எழுதியவளையே தடுத்த தட்டு

கனகேஸ்வரிக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பது லேசில்லை. ஆயர் ஈத்தாமில் தொழிற்சாலை பஸ் ஏறினால், தொழிற்சாலை இருக்கும் பாயான் லெப்பாஸ் வரும்வரை வாய் மூடமாட்டாள். தொண்ணூற்றிரண்டில் பேச்செல்லாம் அவள் உருவாக்கிய கணினி மொழியைப் பற்றித்தான். எங்கள் சோதனை இயந்திரங்களுக்கான சின்ன மொழி. அவளுடைய இரண்டு வருட உழைப்பு.

அதில் ‘தட்டு’ என்று ஒன்று. எண், படம், எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். வம்பு வரிசைப்படுத்துவதில் வந்தது. எண்களில் எது பெரிது என்று சொல்லிவிடலாம். இயந்திரம் வரைந்து தரும் மின் அலைப் படங்களில் எது பெரிது?

“வரிசைக்கு வராதத தட்டுல வைக்கவே கூடாதுன்னு போட்டுடு பிள்ளை, வேல முடிஞ்சிச்சி லா” என்றார் மேலாளர் விநாசித்தம்பி.

“அப்ப படத்த எங்க சார் வைக்கிறது, என் தலையிலயா? தட்டு எல்லாத்துக்கும் பொது. உள்ள இருக்கிறதுக்கு வரிசை இருந்தாதான் தட்ட வரிசைப்படுத்த விடணும்.”

“வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டு. தகராறு பண்ணிச்சின்னா பழைய மொழிதான்.”

எனக்குத் தலை சுற்றியது. மதியம் கனகேஸ்வரி தன் டிபன் கேரியரைக் காட்டினாள். எங்களோடு சாப்பிட வரும் ரொஸ்னா முஸ்லிம்.

“நவமணி, இதுல ரொஸ்னா சாப்பிடலாமா?”

“உள்ள என்ன இருக்குன்னு பார்த்துதானே சொல்லணும்?”

“அதேதான்! ஒவ்வொரு அடுக்கும் ஹலால்னா மொத்தக் கேரியரும் ஹலால். அதுக்காகக் கேரியர்ல ஹலால் தவிர வேற எதுவும் வைக்கவே கூடாதுன்னு சொல்லுவியா?”

அடிப்பாவி, இதற்கா இத்தனை நாள் என் உயிரை வாங்கினாய்!

வெள்ளிக்கிழமை எல்லோரும் சுற்றி நின்றோம். பதற்றத்தில் கனகேஸ்வரி படங்கள் இருந்த தட்டையே வரிசைப்படுத்தச் சொல்லி எழுதிவிட்டாள். நிரல் ஓடத் தொடங்குமுன்பே திரையில் வந்தது: ‘உள்ளே இருப்பதற்கு வரிசை இல்லை.’ போச்சு, எல்லாம் போச்சு!

“என்ன பிள்ளை, நின்னுடுச்சு?”

திரையைப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னையே விடல சார்! எழுதுன என்னையே விடல!”

“பழைய மொழியா இருந்தா?” என்று கேட்டார் மேலாளர்.

“விட்டிருக்கும் சார். ஷிப்டு நடுவுல இயந்திரம் நின்னிருக்கும்.”

விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதுனவளையே விடலன்னா நம்ம ஆளுங்கள எங்க விடப்போகுது? இதையே வச்சிக்குவோம்.”

தன் தப்பு பிடிபட்டதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்று மாலை பஸ்ஸில் அதையே மூன்று தரம் சொன்னாள். வாயை மூடு என்று நானும் சொல்லவில்லை.